நாய்ப் பல்லுக்கு ஏற்ற கடிபொம்மை

வாங்கும் முன் பொம்மையை நகத்தால் அழுத்துங்கள். லேசாகப் பள்ளம் விழ வேண்டும். விழாவிட்டால் வேண்டாம், பல்தான் உடையும். கறிக்கடையில் கொடுக்கும் தொடை எலும்புக்கும் இதே கணக்கு. பெரும்பாலும் மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல்தான் செதிலாகப் பெயரும். வேகவைத்த எலும்பு இன்னும் மோசம், கூராகச் சிதறிக் குடலைக் கிழிக்கும்.

வரிப்பள்ளமும் முள்முனையும் உள்ள ரப்பர் பொம்மை நல்லது. பல் அதில் புதைந்து வெளிவரும்போதுதான் அழுக்குப் படலம் உரசிப் போகும். வழுவழுப்பான பந்தால் அது நடக்காது. வாய்க்குள் முழுதாகப் போகாத அளவில் எடுங்கள். தினமும் 10 நிமிடம் போதும், ஆனால் தினமும். இரண்டு மூன்று நாள் விட்டால் படலம் இறுகிக் காரையாகிவிடும். காரையை எந்தப் பொம்மையும் எடுக்காது. கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துத்தான் சுரண்ட வேண்டும்.

பள்ளத்தில் நாய்க்கான பற்பசையைத் தடவலாம். நம் பற்பசை கூடாது, சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாய்க்கு விஷம்.

சேலத்தில் மாம்பழ சீசன் வந்தால் கொட்டையைக் கடிக்கப் போடுகிறார்கள். விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். ஏற்காட்டுத் தோட்டங்களில் காப்பிக் காயும் உதிர்ந்து கிடக்கும். அதிலுள்ள காஃபீன் நாய்க்கு ஆகாது.

பொம்மையில் துண்டு பெயர்ந்திருந்தால் அன்றே தூக்கி எறியுங்கள். ஈறில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தால் பொம்மையை நிறுத்திவிட்டு வாயை மருத்துவரிடம் காட்டுங்கள்.