விட்பிக்கு மோட்டார்ஹோமில் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

இங்கிலாந்தின் பழைய கடற்கரை ஊர்களுக்குத் தலைவாசல் கடல் பக்கம். சாலையெல்லாம் கொல்லை வழி. படகில் சரக்கு வந்து இறங்கிய காலத்தில் வீடுகளை நெருக்கி நெருக்கிக் கட்டினார்கள். சில சந்துகளில் எதிரே ஒருவர் வந்தால் தோளை ஒதுக்கித்தான் நடக்க வேண்டும். படுக்கை, சமையலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார்ஹோம் என்ற ஏழு மீட்டர் நீள வண்டியோடு ஊருக்குள் நுழையப் பார்ப்பதுதான் முதல் தவறு.

யார்க்ஷரில் உள்ள விட்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றின் இரு கரையையும் ஊருக்கு நடுவே இணைப்பது 1908இல் கட்டிய ஒரு சுழல் பாலம். கடல் ஏறும் நேரத்தில் படகுகளுக்காக அது பக்கவாட்டில் திரும்பித் திறக்கும். வண்டிகள் நின்றே ஆக வேண்டும். கோடைக் கூட்டத்தில் அங்கே மாட்டினால் திருப்ப இடமே கிடையாது. ஊருக்கு வெளியே, வண்டியோடு தங்கும் கேம்ப்சைட்டில் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போவதே நல்லது.

பக்கத்தில் உள்ள ராபின் ஹூட்ஸ் பே என்ற கடலோரக் கிராமத்தில் கீழ் ஊருக்கு வெளியூர் வண்டிகள் போகக்கூடாது. மேலே, பழைய ரயில் நிலையம் இருந்த இடத்தில் நிறுத்திவிட்டு இறங்குங்கள். இறங்கும்போது 1881 ஜனவரியை நினைத்துக்கொள்ளுங்கள். புயலில் ஒரு கப்பல் இங்கே மூழ்கியது. உள்ளூர்ப் படகு எதையும் கடலில் இறக்க முடியவில்லை. விட்பியிலிருந்து உயிர்காப்புப் படகைப் பனி மூடிய சாலையில் 6 மைல் இழுத்து வந்தார்கள்: 18 குதிரைகள், 200 பேர். அந்தப் படகு இதே செங்குத்துத் தெருவில்தான் கடலுக்கு இறங்கியது. நடந்து பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

அடுத்தது, காருக்கான ஜிபிஎஸ்ஸை அப்படியே நம்புவது. அதற்கு உங்கள் வண்டியின் உயரமும் அகலமும் தெரியாது. பழைய பாலங்களில் உயரத்தை அடி, அங்குலத்தில் மட்டும் எழுதியிருப்பார்கள். 3 மீட்டர் என்றால் 9 அடி 10 அங்குலம். உங்கள் அளவை இரண்டு விதமாகவும் ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பல கார் பார்க் நுழைவாயில்களில் உயரமான வண்டிகளைத் தடுக்கும் குறுக்குக் கம்பி இருக்கும், அதையும் கவனியுங்கள். தெற்கிலிருந்து ஏ169 சாலையில் விட்பிக்கு வந்தால் புளூ பாங்க் என்ற சரிவு வரும். நூற்றுக்கு 20 இறக்கம்! பிரேக்கை மிதித்தபடியே இறங்காமல், மேலேயே கியரைக் குறைத்துவிடுங்கள். பிரேக் பிடிக்காத வண்டிகள் ஒதுங்கவென்றே அங்கே தனிப் பாதை போட்டிருக்கிறார்கள்.

அப்புறம், அலை நேரம். இதில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். ராபின் ஹூட்ஸ் பேயிலிருந்து மணலில் தெற்கே நடந்தால் அழகாக இருக்கும். ஆனால் முதலில் பாறை இடுக்குகளில் நீர் சுருசுருவென ஏறும். அதைக் கவனிக்காமல் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தால் திரும்பும் வழி மூடிவிடும், பின்னால் செங்குத்துப் பாறைதான். வடக்கே லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகும் சாலையோ தினம் இரண்டு முறை கடலுக்குள் போய்விடும். பாதுகாப்பான நேரத்தைப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். ‘இன்னும் பத்து நிமிஷம்தானே’ என்று யாரும் இறங்க வேண்டாம்.

கடலோரம் இடம் கிடைத்தது என்று இரவு அங்கேயே தங்குவதும் தவறு. பல கார் பார்க்குகளில் வண்டிக்குள் உறங்கத் தடை உண்டு, பலகையைப் படித்துவிடுங்கள். ஆகஸ்ட் என்றால் கேம்ப்சைட்டை முன்பே பதிவு செய்தாக வேண்டும்.

மூன்று நாளில் ஆறு ஊர் என்று திட்டம் போடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. பகல் கூட்டம் கிளம்பிய பிறகுதான் விட்பி தன் முகத்தைக் காட்டும். மாலையில் 199 படிகளில் ஏறுங்கள். நடுநடுவே அகலமான மேடைகளில் பெஞ்சுகள் இருக்கும். மேலே உள்ள தேவாலயத்துக்குச் சவப்பெட்டி சுமந்து போனவர்கள் இறக்கிவைத்து மூச்சு வாங்கிய இடம் அது. ஒன்றில் உட்காருங்கள். கீழே சிவப்பு ஓட்டுக் கூரைகள், மேலே 657இல் தொடங்கிய மடத்தின் இடிபாடு. கேம்ப்சைட்டுக்குப் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.