தூசி தட்டப் போய் பெயிண்டைக் கீறிவிடாதீர்கள்

வாங்கி ஒரு வருடம் ஆன கறுப்பு நிறக் கார் ஒன்றை மத்தியான வெயிலில் கிட்டப் போய்ப் பாருங்கள். பானட்டில் சூரியன் பளீரென்று தெரியும் இடத்தைச் சுற்றி மெல்லிய கோடுகள் வட்டம் வட்டமாகத் தெரியும். காரைச் சுத்தம் செய்து மெருகேற்றும் டீடெய்லிங் கடைக்காரர்கள் இதை ஸ்வர்ல் மார்க் என்பார்கள். யாரும் வட்டமாகக் கீறவில்லை. கோடுகள் எல்லாத் திசையிலும்தான் இருக்கின்றன. வெளிச்சத்தை நம் கண் பக்கம் திருப்பிவிடும் கோணத்தில் இருப்பவை மட்டும் கண்ணில் படுவதால் வட்டமாகத் தோன்றுகிறது. இதில் மனசைக் கஷ்டப்படுத்தும் விஷயம், இவற்றில் பெரும்பாலானவை வண்டியைக் கவனிக்காமல் விட்டதால் வந்தவை அல்ல. தினமும் காலையில் அக்கறையாகத் துடைத்ததால் வந்தவை.

காரின் பெயிண்ட் ஒரே படலம் இல்லை. தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். பளபளப்பு தருவதும், வெயிலில் நிறம் வெளுக்காமல் காப்பதும் இந்தக் கடைசிப் படலம்தான். பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் சுமார் 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான். இவ்வளவு மெல்லிய படலத்தின் மேல்தான் தெருப்புழுதி வந்து உட்காருகிறது. புழுதியில் மணல் துகள், அதாவது குவார்ட்ஸ், நிறையவே இருக்கும். கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. சாதாரணக் கண்ணாடிக்கே ஐந்தரைதான். கண்ணாடியையே கீறக்கூடிய துகளைக் கண்ணாடியைவிட மென்மையான கிளியர் கோட்டின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தால், கையில் இருக்கும் துணி உப்புத்தாள் ஆகிவிடும்.

ஆக, கீறுவது துணி இல்லை; துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தூசி. இதை மனதில் வைத்துக்கொண்டால் எது தவறு, எது சரி என்று நீங்களே சொல்லிவிடலாம்.

முதல் தவறு, காய்ந்த துணியால் துடைப்பது. பழைய பனியன், கார் ஆக்சசரீஸ் கடையில் கிடைக்கும் மஞ்சள் துணி, சீட்டுக்கு அடியில் கிடக்கும் டர்க்கி டவல் எல்லாம் இதில் சேரும். ‘நான் மைக்ரோஃபைபர்தான் வைத்திருக்கிறேன்’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. மைக்ரோஃபைபரின் இழைகள் மிக நுண்ணியவை, தூசியை உள்ளே இழுத்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் இழைக்குள் போவதற்கு முன்னால் அந்தத் துகள் பெயிண்ட் மேல் கொஞ்ச தூரமாவது இழுபட்டுத்தான் ஆக வேண்டும். நல்ல துணி சேதத்தைக் குறைக்கும், ஒழிக்காது.

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நடப்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான கீறல்கள் அங்கேதான் பிறக்கின்றன. விடிகாலை ஐந்தரை மணிக்கு ஒருவர் ஒரு வாளி தண்ணீர், ஒரு துணியோடு வருவார். முதல் காரைத் துடைக்கும்போது தண்ணீர் தெளிவாக இருக்கும். நான்காவது காருக்குப் போகும்போது அது காபி நிறம். வாளியின் அடியில் விரலை விட்டு எடுத்துப் பாருங்கள், நறநறவென்று மணல் ஒட்டும். சக்கரத்தைத் துடைத்த அதே துணி, அதே தண்ணீரில் முக்கிப் பிழிந்து, உங்கள் பானட்டுக்கு வருகிறது. ஆற்காடு சாலை, ஓ.எம்.ஆர். போல மெட்ரோ வேலை நடந்த சாலைகளை ஒட்டியிருக்கும் வீடுகளில் படிகிற தூசியில் சிமென்ட், ஜல்லிப் பொடி எல்லாம் கலந்திருக்கும். அங்கே இது இன்னும் மோசம்.

அவர் மேல் கோபப்பட்டுப் பயன் இல்லை. குறைந்த சம்பளத்தில், ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு வண்டியைத் துடைத்தாக வேண்டியவர் வேறு என்ன செய்வார்? நாம்தான் ஏற்பாட்டை மாற்ற வேண்டும். “அண்ணே, தினமும் துடைக்க வேண்டாம். வாரத்துக்கு ரெண்டு நாள் தண்ணி ஊத்திக் கழுவினா போதும். இந்த ரெண்டு துணி நம்ம வண்டிக்கு மட்டும் வச்சுக்கோங்க” என்று சொல்லி, சம்பளத்தைக் குறைக்காமல் கொடுத்துப் பாருங்கள். அவருக்கும் வேலை மிச்சம், வண்டிக்கும் நல்லது. கண்ணாடிகளை மட்டும் தினமும் துடைக்கச் சொன்னால் ஓட்டுவதற்கு அது போதும்.

மார்கழியில் இன்னொரு தவறு சேர்ந்துகொள்ளும். பனி பெய்து வண்டி முழுக்க ஈரமாக இருக்கும். ‘அதான் ஈரமாயிருக்கே’ என்று அப்படியே துணியைப் போட்டு இழுப்பார்கள். பனித்துளி தூசியைக் குழைய வைக்குமே தவிர, அடித்துக்கொண்டு போகாது. பாட்டிலில் இருந்து நாலு தடவை தண்ணீர் தெளித்துத் துடைப்பதும் இதே கதைதான். தண்ணீர் தூசியைத் தூக்கிக்கொண்டு வழிந்து ஓட வேண்டும். அந்த அளவு இல்லையென்றால் ஈரம் இருந்தும் பலன் இல்லை. போகிக்கு மறுநாள் படிகிற கரியில் பிசுக்கும் இருக்கும் என்பதால் அன்றைக்கு ஷாம்பு போட்டுக் கழுவுவதுதான் சரி.

நீண்ட கைப்பிடி வைத்த டஸ்டரைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நூல் குஞ்சத்தில் மெழுகு ஏற்றிய வகை, மாவு போன்ற மெல்லிய தூசியை ஓரளவு ஒட்டி எடுக்கும். பேஸ்மென்ட்டில் நிற்கும் வண்டிக்கு, அழுத்தாமல், அதன் எடையிலேயே ஒரே திசையில் இழுத்தால் பெரிய சேதம் வராது. ஆனால் அதை டிக்கியில் அப்படியே போட்டு வைத்து, மாதக்கணக்காக உதறாமல் பயன்படுத்தினால் பழைய மணலையும் சேர்த்து வண்டி மேல் தேய்க்கிறீர்கள். வெளியில், மண் ரோட்டில் ஓடிய வண்டிக்கு டஸ்டரே வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. கோழி இறகு டஸ்டர் வீட்டு அலமாரிக்குத்தான். உடைந்த இறகின் காம்பு பெயிண்டில் பட்டால் கீறும்.

தூசி படிந்த வண்டி மேல் அப்படியே கவர் போடுவதும் கீறலுக்கு வழி. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் சாயங்காலம் கடற்காற்று அடிக்கும்போது கவர் படபடவென்று அடித்துக்கொள்ளும். ராத்திரி முழுக்க யாரோ துணி வைத்துத் தேய்ப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. கவர் போடுவதென்றால் கழுவிய வண்டிக்குப் போடுங்கள். கவரின் உள்பக்கத்தையும் அவ்வப்போது அலசுங்கள்.

வாளியில் ஒரு மூடி மண்ணெண்ணெய் ஊற்றினால் பளபளப்பு வரும் என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். வரும், அரை நாளைக்கு. அந்த எண்ணெய்ப் பசையில் அடுத்த தூசி இன்னும் நன்றாக ஒட்டும், கதவு, கண்ணாடி ஓரங்களில் இருக்கும் ரப்பர் பீடிங்கும் கெடும். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் மெழுகுப் பூச்சை எடுத்துவிடும். கார் ஷாம்பு அவ்வளவு விலை இல்லை.

பெயிண்ட் மேல் பாதுகாப்புப் பூச்சாகச் செராமிக் கோட்டிங் போட்டவர்களிடம் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. ‘9எச் சார், கீறலே விழாது’ என்று விற்பவர் சொல்லியிருப்பார். அந்த 9எச் பென்சில் கடினத்தின் அளவு. 9எச் பென்சிலால் கீறினாலும் கோடு விழாது என்று அர்த்தம், அவ்வளவுதான். மோஸ் அளவுகோலின் 9-க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மணல் துகள் அதையும் கீறும். கோட்டிங்கின் உண்மையான நன்மை, தூசி அழுத்தமாக ஒட்டாது, தண்ணீர் அடித்தாலே பெரும்பகுதி போய்விடும் என்பது. அந்த நன்மையைக் காய்ந்த துணியால் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, லேசான தூசிதான், ஹோஸ் பைப் போட வசதி இல்லை, தண்ணீரும் குறைவு, என்ன செய்வது? கையடக்க எலெக்ட்ரிக் புளோயர் இருந்தால் முதலில் காற்றடியுங்கள். எதுவும் தொடாமலே தளர்வான தூசி கிளம்பிவிடும். அப்புறம், செடிக்கு மருந்து அடிக்கும் 2 லிட்டர் பம்ப் ஸ்ப்ரேயர் ஒன்று வாங்குங்கள், மருந்துக்குப் பயன்படுத்தாத புதியதாக. ரூஃபில் ஆரம்பித்துக் கீழ்நோக்கி, தண்ணீர் கோடு கோடாக வழிகிற அளவுக்கு அடியுங்கள். பல நாட்களில் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

துடைத்தே ஆக வேண்டுமென்றால் ரின்ஸ்லெஸ் வாஷ் (பிறகு தண்ணீர் ஊற்றி அலசத் தேவையில்லாத) திரவத்தை, அதன் பாட்டில் மேல் எழுதியிருக்கும் அளவில் தண்ணீரில் கலந்து, பேனல் முழுக்க நனைத்து ஒரு நிமிடம் விடுங்கள். அது துகளைச் சுற்றி வழுக்கலாகப் படிந்து உரசலைக் குறைக்கும். தடித்த மைக்ரோஃபைபர் துணியை அதே கரைசலில் நனைத்து நான்காக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகத்தால் ஒரு பேனல், நேர்கோட்டில், கையின் பாரத்தைப் போடாமல் ஒரே இழுப்பு. அழுக்கான முகத்தை மறுபடி பெயிண்டில் வைக்காதீர்கள். கதவின் கீழ்ப்பகுதியும் பம்பரும் கடைசியில். துணி தரையில் விழுந்ததா, அதை அன்றைக்கு ஒதுக்கிவிடுங்கள். துணியின் ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளைப் பயன்படுத்துமுன் வெட்டிவிடுங்கள். அதன் முனையும் கோடு போடும். துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி சாஃப்ட்னர் போட்டால் இழைகள் தூசி பிடிக்கும் தன்மையை இழந்துவிடும்.

இதையெல்லாம் நிழலில், பானட் சூடு ஆறிய பிறகு செய்யுங்கள். போர் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் உப்புக்கறை வட்டமாக நின்றுவிடும். அதைத் தேய்த்து எடுக்கப் போனால் மறுபடி கீறல்.

முன் கண்ணாடி தூசியாக இருக்கும்போது வைப்பரைத் தண்ணீர் இல்லாமல் போடாதீர்கள். முதலில் தண்ணீர் பீய்ச்சுங்கள், வைப்பர் ரப்பரை ஈரத் துணியால் ஒருமுறை வழித்துவிடுங்கள். கதவுகளுக்கு நடுவில் உள்ள பளபளக் கறுப்புத் தூணும், உள்ளே கியர் பக்கத்தில் வரும் பியானோ பிளாக் பிளாஸ்டிக்கும் இன்னும் சீக்கிரம் கீறும். அங்கே மென்மையான பிரஷ்ஷோ நனைத்த துணியோ போதும்.

ஏற்கெனவே கோடுகள் விழுந்துவிட்டால் பாலிஷ் போட்டு எடுக்கலாம். ஆனால் பாலிஷ் என்பது கிளியர் கோட்டையே கொஞ்சம் தேய்த்து எடுத்துச் சமப்படுத்துவது. ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு மைக்ரானாவது போகும், அது திரும்ப வராது. அதனால் முதலில் துடைக்கும் முறையை மாற்றுங்கள், பாலிஷ் அப்புறம். கடைக்குப் போனால் மீட்டர் வைத்து பெயிண்ட் தடிமனை அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்காமல் மெஷினை வைக்கப் பார்த்தால் வேறு கடைக்குப் போய்விடுங்கள்.