பழைய ஸ்கூட்டரில் மணாலி முதல் நூப்ரா வரை: குழுவாகச் செல்வோருக்கு

மணாலியிலிருந்து லே வரையிலான மலைப்பாதையையும் அதற்கப்பால் லடாக்கின் நூப்ரா பள்ளத்தாக்கிலுள்ள மணல்மேடுகளையும் பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களில் காண விரும்பும் குழுவினர், எல்லோரும் ஒரே வகை வண்டியில் போவது என்று முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது. பஜாஜ் சேத்தக்கின் பிஸ்டனோ கிளட்ச் பிளேட்டோ லாம்ப்ரெட்டாவுக்குச் சேராது. ஒரே வகையாக இருந்தால் ஒரு பெட்டி உதிரிப்பாகங்கள் எல்லோருக்கும் போதும். அதில் கிளட்ச், கியர், ஆக்ஸிலரேட்டர் கேபிள்கள், பிளக்குகள், கண்டென்சர், ஒரு பிஸ்டன் செட் ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும்.

மணாலி–லே பாதையிலுள்ள தாந்தி பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கி.மீ. தொலைவில் என்று எழுதிய பலகை பெயர்பெற்றது. இடையில் புதிதாக எது திறந்திருந்தாலும் அதை நம்பாமல் கணக்கிடுவதே பாதுகாப்பு. சுமையோடு ஏறும் வண்டி லிட்டருக்கு 25 கி.மீ. தரும் என்று கொண்டால் ஏறத்தாழ 15 லிட்டர் பெட்ரோலும், லிட்டருக்கு 20 மி.லி. வீதம் பெட்ரோலில் கலக்கும் டூ-டி என்ஜின் ஆயில் 300 மி.லி.யும் தேவைப்படும். கேன்களைப் பின்புறக் கேரியரில் கட்டினால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகிவிடும் என்பதால், அவற்றைக் கால் வைக்கும் பலகையில் கட்டுங்கள்.

பாரலாச்சா லா, லாச்சுலுங் லா, 5,300 மீட்டரைத் தாண்டும் தங்லங் லா எனக் கணவாய்களில் உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து, என்ஜினுக்குள் போகும் பெட்ரோல்-காற்றுக் கலவையில் பெட்ரோலின் பங்கு மிகுந்துவிடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி அப்பியிருக்கும். வண்டியும் இரண்டாம் கியரிலேயே திணறும். அப்போது கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஓரிரு அளவு சிறியதாக மாற்ற வேண்டும். கீழே இறங்கியதும் பழைய ஜெட்டைத் திரும்பப் போட மறந்தால், கலவையில் பெட்ரோல் குறைந்து பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும்.

ஏற்றத்தைவிட இறக்கமே இந்த என்ஜினுக்கு ஆபத்தானது. ஆயில் பெட்ரோலோடு சேர்ந்தே உள்ளே போவதால், ஆக்ஸிலரேட்டரை முழுதும் மூடி, கியரின் பிடியிலேயே நெடுந்தூரம் இறங்கும்போது என்ஜின் வேகமாகச் சுழன்றும் அதற்கு ஆயில் கிடைப்பதில்லை. 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கட்டா லூப்ஸ் இந்தத் திசையில் ஏற்றம்தான். திரும்பும்போதுதான் அது சோதனை. அவ்வப்போது கிளட்ச்சைப் பிடித்து ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை முறுக்கிவிடுவது போதும்.

பஞ்சர் ஆனால் ஸ்டெப்னியை மாற்றிவிடலாம். ஆனால் ட்யூபை எடுக்க ரிம்மின் இரு பாதிகளைப் பிரிக்கும்முன் காற்றை முழுதும் வெளியேற்றுங்கள். மீதிக் காற்றோடு நட்டுகளைக் கழற்றினால் ரிம் முகத்தில் தெறிக்கும்.

வரிசையில் மெதுவான வண்டி முன்னே செல்ல, வேலை தெரிந்தவர் கருவிகளோடு கடைசியில் வர வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகி ஓடைகள் பெருகுவதால் அவற்றைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். முதல் இரவைச் சுமார் 4,300 மீட்டரிலுள்ள சர்ச்சுவில் கழிக்காமல், அதைவிடத் தாழ்வான ஜிஸ்பாவில் தங்குங்கள். உயரத்தில் யாருக்காவது தலைவலியோடு வாந்தியும் வந்தால் அவரை மேலே அழைத்துச் செல்லாமல் கீழே இறக்குவதே சரி.

நூப்ராவின் ஹுண்டர் மணலில் 10 அங்குலச் சக்கரம் புதைந்துவிடும் என்பதால் வண்டிகளைச் சாலையோரம் விட்டு நடந்து செல்லுங்கள். லேவுக்கும் நூப்ராவுக்கும் இடையிலுள்ள கர்துங் லா கணவாய் நோக்கித் திரும்ப ஏறும்முன் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தூசி தட்டிப் பொருத்திவிடுங்கள்.