கண்மாய்க் கரையில் வீடு வாங்கும் முன்: ராமநாதபுரம் கடலோரத்துக்கு ஒரு செய்முறை

வீடு விற்பனை விளம்பரத்தில் சதுரடி இருக்கும், அறைகளின் எண்ணிக்கை இருக்கும், பஸ் ஸ்டாண்டு எவ்வளவு பக்கம் என்றும் இருக்கும். கிணற்றுத் தண்ணீர் நல்லதா உப்பா என்று மட்டும் இருக்காது. ராமநாதபுரம் கடலோரத்தில் வீடு பார்க்கிறவர் முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான். ஆர்.எஸ்.மங்கலம், தேவிபட்டினம், உச்சிப்புளி, கீழக்கரை போன்ற ஊர்களில் முதன்முறையாக வீடு வாங்குவோருக்காக இதை எழுதுகிறேன். பலரும் முன்பணம் கொடுத்த பிறகுதான் இதையெல்லாம் விசாரிக்கிறார்கள். வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: தண்ணீரைப் பாருங்கள்

சித்திரை, வைகாசியில் ஒருமுறை போங்கள். கிணறோ போரோ, வருஷத்திலேயே மோசமான தண்ணீர் அப்போதுதான் வரும். தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லாதபோது 2000 வரை அனுமதி என்பது இந்தியத் தர நிர்ணயம். கடலோரத்தில் ஒரே தெருவில் இந்தக் கிணறு இனிக்கும், அடுத்தது கரிக்கும். அதனால் பக்கத்து வீட்டு அளவை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

மீட்டரைவிட நம்பகமானவர்கள் அந்தத் தெருவில் குடியிருக்கும் பெண்கள். “அக்கா, இந்தத் தண்ணியில பருப்பு வேகுமா?” என்று கேளுங்கள். காவிரி கூட்டுக் குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, வராத நாளில் குடம் என்ன விலை, ஊருணியில் (ஊர்க் குடிநீர்க் குளத்தில்) இன்னும் எடுக்கிறார்களா என்று எல்லாம் அந்த ஒரு பேச்சிலேயே வந்துவிடும். குடிக்க, சமைக்க, குளிக்க என்று தனித்தனித் தண்ணீர் வைத்துப் புழங்கும் ஊர்கள் இங்கே உண்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதை மாதச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

படி 2: கண்மாய் நிரம்பினால் தண்ணீர் எங்கே போகும்?

இரண்டாவது முறை ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். இங்கே மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில்தான். கோடையில் கிரிக்கெட் ஆடும் பொட்டலாகக் கிடந்த இடம் அப்போது முழங்கால் தண்ணீரில் நிற்கும்.

ஆர்.எஸ்.மங்கலத்துப் பெரிய கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்பார்கள். மடை என்பது கண்மாய்த் தண்ணீரைப் பாசனத்துக்குத் திறந்துவிடும் வாசல். அத்தனை மடைக்கும் வாய்க்கால் உண்டு, வாய்க்காலுக்கெல்லாம் வயல் உண்டு. அந்த வயல்களில் சில இன்று மனைகளாகிவிட்டன. நீங்கள் பார்க்கும் வீட்டிலிருந்து கலுங்கு (நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்) எந்தப் பக்கம், மறுகால் பாய்ந்தால் தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு, அந்த வழியை நடந்தே பாருங்கள். வழியில் புதுச் சுற்றுச்சுவர் நின்றால், தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு யார் வீட்டுக்குள் போகும் என்று யோசியுங்கள்.

கரையோர வாழ்க்கைக்கு அழகு இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ராமநாதபுரத்தை ஒட்டிய சக்கரக்கோட்டைக் கண்மாய் பறவைகள் சரணாலயம். உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் 2025-ல் சேர்ந்தது. மழைக்குப் பிறகு தை, மாசி வரை அந்தப் பக்கம் ஒரு காலை நடை போனால் மனம் நிறைந்துவிடும். அழகைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

படி 3: நிலம் யாருடையது?

கண்மாய், வாய்க்கால், ஊருணி எல்லாம் நீர்நிலைப் புறம்போக்கு, அதாவது அரசு நிலம். அதில் வீடு கட்டி, மின் இணைப்பு வாங்கி, வீட்டு வரி கட்டியிருந்தாலும் அது உரிமை ஆகாது. 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி ஆக்கிரமிப்பை அகற்ற முடியும். வரி ரசீதைக் காட்டி “இருபது வருஷமா இருக்கோம்” என்று யாராவது சொன்னால், சரி என்று கேட்டுக்கொண்டு பட்டாவைக் கேளுங்கள்.

அரசின் இணையச் சேவையில் பட்டா, ‘அ’ பதிவேடு (நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு), புலப்பட வரைபடம் (நிலத்தின் எல்லை அளவுப் படம்) மூன்றையும் எடுங்கள். பட்டா எண், சர்வே எண், உட்பிரிவு மூன்றும் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். வரைபடத்தில் ஓடை, வாய்க்கால் கோடு மனைக்குள் வருகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் சர்வேயரை வைத்து அளந்துவிடலாம்.

கடலை ஒட்டிய வீடு என்றால் இன்னொன்றும் உண்டு. கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். பழைய வீட்டை வாங்கிக் குடியிருப்பது ஒன்று, அதை இடித்துக் கட்டுவதோ மாடி எழுப்புவதோ வேறு. அனுமதி கிடைக்குமா என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 4: பத்திரம்

தாய்ப்பத்திரத்திலிருந்து (சொத்தின் முந்தைய மூலப் பத்திரத்திலிருந்து) இன்றைய உரிமையாளர் வரை தொடர்ச்சி வேண்டும். சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்காவது போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை தளத்திலேயே பார்க்கலாம்.

இந்தக் கரையில் சிக்கல் பெரும்பாலும் வாரிசுகளிடம்தான் வரும். ஒருவர் துபாயில், இன்னொருவர் மலேசியாவில், தங்கை கல்யாணமாகி வேறு ஊரில். வாரிசுச் சான்றில் உள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டும், பெண் பிள்ளைகளும் சேர்த்து. “அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்ற வாய்வார்த்தை போதாது. பொது அதிகாரப் பத்திரம் வைத்து விற்கிறார் என்றால், அதிகாரம் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா என்று உறுதி செய்யுங்கள். அவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும்.

படி 5: சுவரும் கம்பியும்

உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அரிக்கும். துரு பிடித்த கம்பி உப்பி, மேல்பூச்சைத் தள்ளும். அதனால் புதுப் பெயிண்டைப் பார்க்காமல் சன்ஷேடின் அடிப்பக்கம், தண்ணீர்த் தொட்டியின் அடி, மாடிப்படியின் கீழ்ப்புறம் ஆகிய மூன்றையும் பாருங்கள். விரிசல் கம்பியின் நீளத்துக்கே நேர்கோடாக ஓடினால் கொத்தனாரை அழைத்து வந்து தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வீட்டை எந்தத் தண்ணீரில் கட்டினார்கள் என்றும் விசாரியுங்கள்.

படி 6: பணமும் பதிவும்

முன்பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து, ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம் ஆகும். 10 லட்சம் வரையிலான சொத்து பெண் பெயரில் பதிவானால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அப்புறம் பட்டா மாறுதல், வீட்டு வரி, மின் இணைப்பு மூன்றிலும் பெயர் மாற்றுங்கள். மனையைப் பிரித்து வாங்கியிருந்தால் உட்பிரிவுக்கு சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அன்று நீங்களும் நேரில் நின்று எல்லைக் கல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள்.