நல்ல சீட்டு வந்தால் எவ்வளவு போடுவது? போக்கர் சுற்றுப்போட்டிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பெரும்போக அறுவடை முடிந்து நெல்லையும் ஏற்றிவிட்டால், இரணைமடுவுக்குக் கிட்ட இருக்கும் எங்கள் ஊரில் இரவில் காட்ஸ் தொடங்கிவிடும். பரம்பரையாக 304 என்ற சீட்டாட்டம்தான். இரண்டு வருடமாக நாங்கள் ஆறேழு பேர் சனிக்கிழமைகளில் போக்கர் சுற்றுப்போட்டியும் வைக்கிறோம். காசு வைப்பதில்லை. ஆளுக்கு 6,000 சிப். முதலில் வெளியேறுபவர் எல்லோருக்கும் கொத்துரொட்டி வாங்க வேண்டும். எந்தக் கை எதை வெல்லும், பிளைன்ட் என்றால் என்ன என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நான் மாதக்கணக்கில் தடுமாறியது ஒரே இடத்தில்தான்: தொடக்கத்திலேயே நல்ல சீட்டு வந்துவிட்டால் எவ்வளவு போடுவது.

தடுமாறியதற்குக் காரணம் 304 பழக்கம். அதில் முதல் நாலு சீட்டைப் பார்த்துத்தான் எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கேட்கிறோம். ஒரே இனத்தில் ஜாக்கும் ஒன்பதும் வந்தால் அங்கேயே 50 புள்ளி, 160 இல் நிற்காமல் மேலே ஏறுவோம். கை பெரிதென்றால் கேட்பதும் பெரிது. எதிரே இருக்கும் சோடிக்கு அது விளங்கத்தான் வேண்டும். போக்கரில் சோடி கிடையாது. நீங்கள் போடும் தொகையைப் பார்த்து உங்கள் கையைக் கணக்குப் பண்ணும் அத்தனை பேரும் எதிராளிகள்.

எனக்கு முதன்முதலாக இரண்டு ஏஸ் வந்த இரவு பிளைன்ட் 100/200. வழமையாக 500 போடும் நான் அன்று 2,000 ஐத் தள்ளினேன். பக்கத்தில் இருந்த அண்ணை என் முகத்தைப் பார்க்கவே இல்லை, சிப் குவியலைத்தான் பார்த்தார். "உமக்கு ஏஸ் வந்திட்டுது போல" என்று சொல்லிவிட்டுச் சீட்டை மடக்கினார். மற்றவர்களும் மடக்கினார்கள். கிடைத்தது வெறும் 300. இரண்டு ஏஸ் சராசரியாக 221 கைக்கு ஒருமுறைதான் வரும். எங்கள் வேகத்துக்கு அது இரண்டு மூன்று சனிக்கிழமைக்கு ஒருமுறை.

அடுத்த முறை மற்றப் பக்கம் சரிந்தேன். ஒளித்து ஆடலாம் என்று 200 மட்டும் கட்டினேன். என்னோடு சேர்த்து ஐந்து பேர் உள்ளே வந்தார்கள். ஃபுளொப், அதாவது நடுவில் முதலில் விரிக்கும் மூன்று பொதுச் சீட்டு, 7, 5, 2. பெரிய பிளைன்டில் சும்மா இருந்தவர் கையில் ஏழும் ஐந்தும். என் சிப் முழுவதும் அவரிடம் போயிற்று. பிறகுதான் கணக்கைப் பார்த்தேன்: ஏதோ ஒரு கையோடு ஒருவர் மட்டும் எதிர்த்தால் இரண்டு ஏஸ் 100 இல் 85 தடவை வெல்லும். நாலு பேர் எதிர்த்தால் 56 அளவுக்கு இறங்கிவிடும்.

சரி, இப்போது நான் செய்யும் முறை.

முதலில், உங்கள் சிப்பைப் பெரிய பிளைன்டால் வகுத்துப் பாருங்கள். பிளைன்ட் 100/200 ஆக இருக்கும்போது 6,000 என்றால் 30 பிளைன்ட். 300/600 ஆகும்போது அதே 6,000 வெறும் 10 பிளைன்ட்தான். 10 அல்லது அதற்குக் கீழே என்றால் யோசிக்க ஒன்றுமில்லை: நல்ல கைக்கு ஓல்-இன் (சிப் முழுவதையும் போடுவது), மற்றதெல்லாம் ஃபோல்ட் (மடக்குவது).

அதற்கு மேலே இருந்து, உங்களுக்கு முன் யாரும் உள்ளே வராவிட்டால், பெரிய பிளைன்டைப் போல் இரண்டேகால் முதல் இரண்டரை மடங்கு போடுங்கள். 100/200 இல் 450, 500. இரண்டு ஏஸுக்கும் அதே 500, ஆடத் தீர்மானித்த 8-8 க்கும் அதே 500. என்னைத் தடுக்கிய படி இதுதான், பழக ஒரு மாதம் எடுத்தது. கை தானாக இன்னொரு சிப்பை எடுக்கப் போகும், விடாதீர்கள். தொகை மாற வேண்டியது மேசையைப் பார்த்து. உங்களுக்கு முன் வெறும் பிளைன்டைக் கட்டி உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய பிளைன்டைக் கூட்டுங்கள். இரண்டு பேர் கட்டியிருந்தால் 500 போய் 900 ஆகும். ஊர் மேசைகளில் எல்லோரும் கட்டிக்கொண்டு வருவார்கள், ஆகவே இந்தக் கணக்குத்தான் அதிகம் உதவும்.

முன்னால் ஒருவர் 500 ஆக உயர்த்திவிட்டார், உங்களிடம் இரண்டு கிங். ஃபுளொப்புக்குப் பிறகு அவருக்குப் பின்னால் ஆடப்போகிறீர்கள் என்றால் மூன்று மடங்கு, 1,500. பிளைன்டில் இருந்து முன்னால் ஆட வேண்டும் என்றால் 1,800. அப்படிப் போடும் தொகை உங்கள் மொத்தச் சிப்பில் மூன்றில் ஒன்றைத் தாண்டுமானால் அரைகுறையாக நிற்காமல் ஓல்-இன் போய்விடுங்கள். 4,000 தான் இருக்கும்போது 1,500 ஐப் போட்டுவிட்டுப் பிறகு மடக்குவது பெரிய நட்டம்.

ஃபுளொப்புக்குப் பிறகு எவ்வளவு என்பதையும் அங்கேயே திட்டமிடலாம். 500 போட்டீர்கள், பெரிய பிளைன்டில் இருப்பவர் மட்டும் கோல் பண்ணினார், அதாவது அதே தொகையைக் கட்டினார்: பொட்டில் (நடுவில் சேர்ந்த சிப்பில்) 1,100, உங்களிடம் மிச்சம் 5,500. மூன்று தடவையில் அதை முழுதாக உள்ளே கொண்டுபோக ஒவ்வொரு முறையும் பொட்டில் ஐந்தில் மூன்று பங்கு போட்டால் போதும். முதலில் 650, பொட் 2,400 ஆகும். பிறகு 1,450, பொட் 5,300. கடைசியில் கையில் இருக்கும் 3,400. எந்த இடத்திலும் தொகை திடீரென்று துள்ளாது, எதிராளியும் பயப்பட மாட்டார். இரண்டு கிங்கோடு இருக்கும்போது ஃபுளொப்பில் ஏஸ் விழுந்தால் இந்தத் திட்டத்தை நிறுத்துங்கள். 100 இல் 23 தடவை அளவுக்கு அது விழும்.

சாமான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் புளியங்கொட்டையில் தொடங்கினோம். எல்லாம் ஒரே மதிப்பு, 450 ஐ எண்ணிப் போடவே பொழுது போய்விடும். 25, 100, 500 என்று நிறம் பிரித்த பிளாஸ்டிக் சிப் வாங்குங்கள். சீட்டும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். எங்கள் வெயிலில் வியர்வை பட்டுக் காகிதச் சீட்டு வளைந்துவிடும். மூலை மடிந்த ஏஸை மேசை முழுக்க அடையாளம் கண்டுகொள்ளும். போனில் இலவசச் சிப்போடு ஆடிப் பழகுவதை நான் விரும்புவதில்லை. அங்கே எதைப் போட்டாலும் யாரோ ஒருவர் ஓல்-இன் என்பார், தொகையின் அருமை பிடிபடாது.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒட்டுசுட்டானில் ஆடும் ஒரு தம்பி, ஏஸ்-கிங் வந்தாலும் இதே தொகையா என்று கேட்டார். ஃபுளொப்புக்கு முன் இதே தொகைதான். ஆனால் அது இன்னும் சோடி ஆகவில்லை. மூன்றில் இரண்டு தடவை ஃபுளொப்பில் ஏஸும் விழாது, கிங்கும் விழாது. அப்போது ஐந்தில் மூன்று பங்குத் திட்டம் வேண்டாம். எதிரே ஒருவர்தான் என்றால் பொட்டில் மூன்றில் ஒரு பங்கு, 350 அளவு, ஒரே தடவை போட்டுப் பாருங்கள். அவர் கோல் பண்ணினால் அத்தோடு விடுங்கள். மூன்று பேர் உள்ளே இருந்தால் அதையும் போடாதீர்கள்.