புயல் எந்தப் பக்கம் இருக்கிறது? இடது கையை நீட்டுங்கள்

கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் ஊரே டிவி முன்னால் உட்கார்ந்துவிடும். கரண்ட் போய், செல்போனில் சிக்னலும் போனபின் என்ன செய்வது? காற்று பலமாவதற்கு முன்பே இதைப் பழகிக்கொள்ளுங்கள்.

திறந்த வெளியில், காற்று முதுகில் படும்படி நின்று இடது கையைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். புயலின் மையம் அந்தப் பக்கம்தான், கொஞ்சம் முன்னால் தள்ளி. பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் காற்று தாழ்வழுத்தத்தை இடஞ்சுழியாகச் சுற்றிவருகிறது. டச்சு வானிலையாளர் பைஸ் பாலட் 1857இல் சொன்ன விதி இது. சந்துக்குள் நின்று பார்க்காதீர்கள், வீடுகள் காற்றைத் திருப்பிவிடும்.

நம் கரைக்கு இது இன்னும் உபயோகம். வடக்கிலிருந்து காற்று வீசினால் மையம் கிழக்கே, கடலில். அது மெல்ல மேற்குக் காற்றாக மாறினால் புயல் நமக்கு வடக்கே, புதுச்சேரிப் பக்கம் கரையேறுகிறது. கிழக்குக் காற்றாக மாறினால் நமக்குத் தெற்கே. இரண்டாவதுதான் மோசம்: காற்று கடல்நீரைக் கரைமேல் தள்ளும். தேவனாம்பட்டினம் போன்ற கரையோர ஊர்க்காரர்கள் அதற்கு முன்பே மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

அடித்த காற்று சட்டென நின்றால் வெளியே வராதீர்கள். அது புயலின் கண்ணாக, அதாவது நடுவே காற்று அடங்கிய பகுதியாக இருக்கலாம். 2011 டிசம்பர் 30 காலை ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவேதான் கரையேறியது. கண் கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும்.