புது வேலையில் குறும்பா? ஒரு டிஷ்யூ பொட்டலம் போதும்

புதிய அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரமே குறும்பில் இறங்காதீர்கள். யார் சிரிப்பார், யார் மேலாளரிடம் போய் நிற்பார் என்று தெரியும் வரை பொறுங்கள். தகுதிகாண் காலம் முடியட்டும் என்பதுதான் நல்ல புத்தி. அவ்வளவு பொறுமை குறும்புக்காரர்களுக்கு ஏது?

சிங்கப்பூர் உணவங்காடியில் மதிய நேரத்தில் மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் கிடந்தால், அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று பொருள். சக ஊழியர் தண்ணீர் பிடிக்க எழுந்து போனதும் அதே பொட்டலத்தை அவர் நாற்காலியில் வைத்துவிடுங்கள். உள்ளூர்க்காரர் என்றால் சொந்த நாற்காலியிலேயே உட்காரத் தயங்கி ஒரு நொடி நிற்பார். சீனரோ மலாய்க்காரரோ தமிழரோ, யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனையும்! உடனே நீங்கள்தான் என்று சொல்லிவிடுங்கள், பொட்டலமும் அவருக்கே.

கணினிச் சுட்டியின் அடியில் ஒட்டுத்தாள் ஒட்டி ஒளியை மறைப்பது பழைய வித்தை, இன்றும் பலிக்கும். அவர் அவசர வேலையில் இருக்கும்போது மட்டும் வேண்டாம்.

சாப்பாட்டில் கை வைக்கவே கூடாது. ஹலால், சைவம், ஒவ்வாமை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டுப்பாடு இருக்கும். பூட்டாமல் விட்டுப்போன கணினியும் அப்படித்தான்: அனுமதியின்றி அடுத்தவர் கணினிக்குள் நுழைவது, கணினி முறைகேட்டுக்கு எதிரான 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே குற்றம். துப்புரவு அக்கா வந்து கூட்டிப் பெருக்க வேண்டிய விளையாட்டுகளையும் விட்டுவிடுங்கள்.